ஏறிய எடை

என் அக்காவின் கணவரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘தராசு’ என்றால்தான் தெரியும். எனக்கு மாமா. எடை போடும் கருவிகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். நகைக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் குட்டித் தராசு முதல் மூட்டை போடும் பலகைத் தராசு வரை, முள் கோணினாலும் எண் தடுமாறினாலும் அவரிடம்தான் வரும். சரிபார்ப்பதற்கான எடைக்கற்களை ஒரு மரப்பெட்டியில் துணி விரித்து வைத்திருப்பார். வெறுங்கையால் யாரையும் தொட விடமாட்டார். விரல் வியர்வை ஒட்டினால் எடை கூடிவிடுமாம். “அந்த வியர்வைய வித்தா எவ்வளவு மாமா தேறும்?” என்று நான் கேட்டால், “உன் நாக்கை நிறுத்தா என் தராசு உடைஞ்சிடும், போ” என்பார்.

நான் தையல்காரி. கீழே அவர் கடை, கடைக்குப் பின்னால் அவரும் அக்காவும் இருந்த இரண்டு அறைகள், மாடியில் என் மெஷினும் நானும். எங்கள் இருவருக்கும் ஒரு ஓயாத சண்டை உண்டு. ஒரு ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள டேப் போதுமா, தராசு வேண்டுமா என்று. “டேப்பை இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். தராசு யார் மூஞ்சியையும் பார்க்காது” என்பது அவர் கட்சி. மனிதர் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்ப்பவர். முட்டையைக்கூட எண்ணி வாங்காமல் எடை போட்டு வாங்குகிற ஆள் ஊரில் இவர் ஒருவர்தான். கடைக்காரன் இவரைத் தூரத்தில் கண்டாலே உள்ளே போய்விடுவான்.

அக்கா சந்தையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் விற்றவள். ஒரு முனையில் அவள் கத்தினால் மறுமுனையில் கேட்கும். எங்களுக்கு அம்மா அப்பா சீக்கிரம் போய்விட்டார்கள். என்னை வளர்த்தவள் அவள்தான். சந்தைத் தராசுகளைச் சோதிக்க ஒரு தடவை மாமா வந்தார். மற்றவர்கள் தராசெல்லாம் வாங்குகிறவர்களை ஏமாற்ற, அக்காவின் தராசு அக்காவையே ஏமாற்றிக்கொண்டிருந்தது. கிலோவுக்கு ஒரு கைப்பிடி கூடுதலாகவே கொடுத்துவந்திருக்கிறாள். “சொந்த நஷ்டத்துக்குத் திருட்டுத் தராசு வச்சிருக்கிற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்” என்று மாமா சொல்ல, சந்தையே சிரித்தது. அக்கா ஒரு உருளைக்கிழங்கை எடுத்து அவர்மேல் எறிந்தாள். அவர் அதைப் பிடித்து, எடை பார்த்து, திருப்பிக் கொடுத்தாராம். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது என்று இருவரும் சொல்வார்கள். பாதிக்கு மேல் கட்டுக்கதை. ஆனால் இத்தனை வருடத்தில் அவர்கள் பேச்சு நின்று நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை நான் ஒருத்தி போதும் போதும் என்கிற அளவுக்குத் தீர்த்துவைத்தேன்.

அக்காவுக்கு இருமல் வந்தபோது வெங்காயத் தோலின் தூசி என்றாள். காய்ச்சல் வந்தபோது சந்தையில் நின்ற களைப்பு என்றாள். அவள் சட்டைகளை நான் பிடித்துத் தைத்தேன். கொஞ்ச நாளில் மறுபடியும் பிடித்துத் தைத்தேன். மூன்றாவது முறை ஊசியைக் கீழே வைத்துவிட்டு, “இனிமே தைக்கிறதுக்குத் துணிதான் இருக்கு, நீ இல்ல. நட ஆஸ்பத்திரிக்கு” என்று சத்தம் போட்டேன். சளியைப் பரிசோதித்தார்கள். காசநோய்.

நெஞ்சுநோய் மருத்துவமனையின் டாக்டர் வயதானவர், நிதானமாகப் பேசினார். “கிருமியை மாத்திரை பார்த்துக்கும். உடம்பை நீங்கதான் பார்த்துக்கணும். இந்த அளவுக்கு மெலிஞ்சு போய் வர்றவங்களுக்கு, மாத்திரை சாப்பிட்டாலும் உயிருக்கு ஆபத்து உண்டு. சாப்பிடணும். சத்தா சாப்பிடணும். எடை ஏறணும்.” அவர் சொன்னது எத்தனையோ விஷயம். மாமா காதில் நின்றது கடைசி ஒன்று. எடை ஏறினால் பெண்டாட்டி பிழைப்பாள். இது அவருக்குத் தெரிந்த பாஷை. அன்று மருத்துவமனைப் படியிறங்கும்போதே அவர் முகம் தெளிந்துவிட்டது. வேறு எந்த நோயென்றாலும் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார். இது அவர் தொழில் சம்பந்தப்பட்டதாக இருந்தது.

அன்றே ரத்தமும் எடுத்தார்கள். “இருக்கிறதே கொஞ்சம், அதையும் உறிஞ்சிட்டுப் போறாங்களே” என்று அக்கா முனகினாள். ஹீமோகுளோபின் குறைவு, ஆல்புமின் குறைவு என்று முடிவு வந்தது. இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, சத்துணவு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்கள். மாமாவுக்கு ரத்தப் பரிசோதனையில் பெரிய மதிப்பில்லை. “ஒரு ஸ்பூன் ரத்தத்துல என்ன தெரியும்? ஆளை முழுசா நிறுத்திப் பார்க்கணும்” என்றார்.

சமையலை அவரே எடுத்துக்கொண்டார். பால், பருப்பு, முட்டை, மீன், நிலக்கடலை என்று ஆலோசகர் சொன்ன ஒவ்வொன்றையும் நகைத்தராசில் நிறுத்துச் சமைத்தார். ருசி மட்டும் எந்தத் தராசுக்கும் அகப்படவில்லை. ஒருநாள் நான் வாயில் வைத்துவிட்டு, “இதைச் சாப்பிட்டா நோயே பயந்து ஓடிடும் மாமா” என்றேன். அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

அவளால் சாப்பிட முடியவில்லை. அதுதான் உண்மை. நாக்கு மரமாகிவிட்டது என்றாள். முட்டை வாசனை வந்தால் குமட்டியது. அவர் எதிரில் உட்கார்ந்து வாய்க்கு வாய் பார்த்துக்கொண்டிருப்பதால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். அவர் கடைக்குள் போனதும் பின்கட்டுக் குழாயடிக்குப் போவாள். மாத்திரைக்கு ஆரம்பத்தில் குமட்டல் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்ததால் நாங்களும் போகப் போகச் சரியாகும் என்றிருந்தோம். நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஆலோசகர் கேட்டபோது அக்கா தட்டில் விழுந்த அத்தனையையும் கிராம் கணக்கோடு ஒப்பித்தாள். அந்தம்மா அசந்துபோய், “உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் எல்லாருக்கும் கிடைக்கணும்” என்றார். அக்கா சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. வயிற்றில் எவ்வளவு நின்றது என்று அந்தம்மா கேட்கவில்லை.

வாரம் ஒருநாள், கடை விடுமுறையன்று, மாமா பலகைத் தராசை எடைக்கற்கள் வைத்துச் சரிபார்த்துவிட்டு அக்காவை ஏற்றி நிறுத்துவார். கைப்பிடித்து ஏற்றிவிடுவார். பிறகு ஒரு அடி விலகி நின்று, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, எண்ணைப் பார்ப்பார். ஆரம்பத்தில் எண் இறங்கியது. அந்த வாரங்களில் அவர் யாரோடும் பேசவில்லை. எனக்கே சண்டை போட ஆளில்லாமல் அலுப்பாக இருந்தது. பிறகு எண் நின்றது. பிறகு ஒருநாள் கீழிருந்து ஒரு கூச்சல். வீடு பற்றிக்கொண்டது என்று நினைத்து இறங்கி ஓடினேன். தராசுக்குப் பக்கத்தில் நின்று மனிதர் குதித்துக்கொண்டிருந்தார்.

“ஏறிடுச்சு! ஏறிடுச்சுடி சின்னவளே!”

“குதிக்காதீங்க, தராசு கெட்டுடும்” என்றாள் அக்கா. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரமும் ஏறியது. அதற்கடுத்த வாரமும். தெருவில் போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு எண்ணைச் சொன்னார். சந்தைக்குப் போய் அவள் பழைய இடத்தில் நின்று சொன்னார். சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தபோது பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலாயிற்று. எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருநாள் சட்டையை மறுபடி பிரித்து அகலமாக்கலாம் என்று அவள் கையை டேப்பால் அளந்தேன். மேல்கை முன்பைவிட ஒல்லியாக இருந்தது. தோளில் எலும்பு இடித்தது.

“மாமா, கை இளைச்சிருக்கு. எடை ஏறினா கையில தெரிய வேண்டாமா?”

“உன் டேப்பைத் தூக்கிக் குப்பையில போடு.”

“விளையாடாதீங்க. தோள்ல சதையே இல்ல.”

“சதை மொதல்ல உள்ள ஏறும், அப்புறம்தான் வெளியில தெரியும். கட்டிடம் கட்டுறவன் மொதல்ல சாயமா பூசுவான்?” என்றார். தைரியமாகச் சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். அவள், “விடுடி, அவருக்குத் தெரியாததா” என்று சட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். குளிர்கிறது என்று அப்போது அவள் எந்நேரமும் சாக்ஸ் போட ஆரம்பித்திருந்தாள். மெலிந்தவளுக்குக் குளிராதா என்று நினைத்தேன்.

அந்த மாதம் மூவருமாக மருத்துவமனைக்குப் போனோம். காலையிலேயே கூட்டம் வாசல்வரை நின்றது. அங்கே இருந்த எடை மெஷினை மாமா ஒரு பார்வை பார்த்து, தன் பையிலிருந்த எடைக்கல்லை வைத்துச் சோதித்துவிட்டுத்தான் அக்காவை ஏற விட்டார். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். எண் வீட்டில் பார்த்த அதே எண். மாத்திரையின் அளவு உடம்பின் எடையைப் பொறுத்தது. இந்த எடைவரை இத்தனை, அதைத் தாண்டினால் ஒன்று கூடுதல். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை மாமா முதல் நாளே மனப்பாடம் செய்துவிட்டவர்.

“கோட்டைத் தாண்டியாச்சு பாருங்க, சிஸ்டர். இன்னொரு மாத்திரை சேர்க்கணும்” என்றார். ஏதோ பரீட்சையில் பெண்டாட்டி முதலாவதாக வந்தது போன்ற குரல்.

நர்ஸ் அட்டவணையைப் பார்த்தார். “ஆமா, தாண்டிட்டாங்க. நல்ல முன்னேற்றம். டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கங்க. அப்படியே பதினோராம் நம்பர் ரூம்ல ரத்தம் கொடுத்துட்டுப் போங்க.”

டாக்டர் எடையைப் பார்த்தார், சளி முடிவைப் பார்த்தார், புன்னகைத்து ஒரு மாத்திரையைக் கூட்டி எழுதினார். வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். பதினோராம் அறை வரிசையில் நின்றபோது அக்காவால் நிற்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மாமா அவளையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வா, போகலாம். எடைதான் ஏறிட்டு வருதே. கஷ்டப்பட்டு ஊறின ரத்தத்தை எடுத்து எதுக்குக் கொடுக்கணும்?”

நான், “எடுத்துட்டே போயிடலாம் மாமா” என்றேன். “அடுத்த மாசம் பார்த்துக்கலாம்” என்று அவள் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். முட்டைக் கடைக்காரனுக்குக்கூட.

அடுத்து வந்த நாட்களில் அவள் குழாயடிக்குப் போவது அதிகமாயிற்று. தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்தது. ஒரு மாத்திரை கூடியிருக்கிறதே, உடம்பு பழகட்டும் என்றார் மாமா. அடுத்த விடுமுறையில் எடை மறுபடி ஏறியிருந்ததால் எங்கள் வாய் அடைத்துப்போயிற்று. பிறகு ஒரு காலையில் அவளுக்குத் தலைசீவி விட உட்கார்ந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அவள் கண் மஞ்சளாக இருந்தது. சீப்பைப் போட்டுவிட்டு மாமாவைக் கூப்பிடக் கடைக்கு ஓடினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா வந்தார். நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டவுடன் மாமா வாரம் வாரமாக எடையைச் சொல்ல ஆரம்பித்தார். டாக்டரம்மா பாதிக்குமேல் கேட்கவில்லை. போர்வையை விலக்கி, அக்காவின் சாக்ஸை மெதுவாக உருவினார். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கையை எடுத்தார். விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பள்ளம் மேடாகவேயில்லை.

“இது சதை இல்லைங்க. தண்ணி” என்றார் டாக்டரம்மா.

மாமாவுக்குப் புரியவில்லை. அந்தம்மா பொறுமையாக மறுபடி சொன்னார். ரத்தத்தில் ஆல்புமின் என்று ஒரு சத்து இருக்கிறது. தண்ணீரை ரத்தக்குழாய்க்குள் பிடித்து வைப்பது அதுதான். சாப்பாடு உடம்பில் சேராமல், நோயும் அரித்துத் தின்று, ஈரலும் சோர்ந்துபோனால் அது குறைந்துவிடும். குறைந்தால் தண்ணீர் குழாயில் நிற்காமல் கசிந்து காலில் இறங்கும், வயிற்றில் தேங்கும். உள்ளே ஆள் கரைந்துகொண்டிருந்தாலும் வெளியே எடை ஏறும். “உங்க தராசு சரியாத்தான் காட்டியிருக்கு. ஆனா எதோட எடைன்னு தராசுக்குத் தெரியாது. ரத்தத்துல பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். கடைசியா எப்போ பார்த்தீங்க?”

மாமா பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார். பிறகு, “மாத்திரையைக் கூட்டச் சொல்லி நான்தான் கேட்டேன்” என்றார்.

டாக்டரம்மா மருந்துச் சீட்டைப் பார்த்தார். “எடைக்குத் தகுந்தபடிதான் கொடுத்திருக்காங்க. சத்தில்லாத உடம்புக்குப் பழைய அளவே ஈரலைத் தாக்கியிருக்கலாம். அது ஒண்ணுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“அது காரணமே இல்லைன்னு சொல்ல முடியுமா?”

அந்தம்மா பொய் சொல்லத் தெரியாதவர். மாமாவின் கையைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த இடத்தில் மட்டும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் அவர்மேல் கோபம் உண்டு.

மாத்திரைகளை நிறுத்தினார்கள். தண்ணீரை வடிக்க மருந்து கொடுத்தார்கள். ஆல்புமினை நரம்பு வழியே ஏற்றினார்கள். தினமும் காலையில் வார்டு மெஷினில் எடை பார்த்தார்கள். எண் தினமும் இறங்கியது. “இறங்கினா நல்லதுங்க, தண்ணி போகுதுன்னு அர்த்தம்” என்று நர்ஸ் ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியிருந்தது. மாமா தலையாட்டுவார். ஆனால் இறங்குகிற எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட அந்த மனிதருக்கு எப்படி வரும்? வீக்கம் வடிய வடிய அக்காவின் கால் வெளியே தெரிந்தது. கால் என்று சொல்ல அதில் என்ன இருந்தது! ஒருநாள் எண், கடைத் தராசில் முதன்முதலாகப் பார்த்த எண்ணையும் தாண்டிக் கீழே போனது. அன்று அவர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தவர், நான் தேடிப்போகும்வரை எழுந்திருக்கவில்லை. “இவ்வளவுதான் இருந்திருக்கா சின்னவளே. நான் குதிச்சேனே, அன்னைக்கும் இவ்வளவுதான் இருந்திருக்கா” என்றார். எனக்கு அவரைத் திட்டவும் வரவில்லை, தேற்றவும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் மதியம் அவர் வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்தார். அக்காவின் கண் கொஞ்சம் தெளிந்திருந்தது. நான் ஈரத்துணியால் அவள் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“இப்ப எவ்வளவோ பரவாயில்ல. சாக்ஸே போட முடியாம ஆயிடுச்சு நடுவுல” என்றாள்.

துணி என் கையிலேயே நின்றது. “உனக்குத் தெரியுமா?”

“என்ன தெரியுமா? என் கால் எனக்குத் தெரியாதா? குழாயடியில உட்கார்ந்து நானே அழுத்திப் பார்ப்பேன். குழி விழும். அப்படியே கிடக்கும்.”

“எப்போலேர்ந்து?”

“எடை ஏற ஆரம்பிச்சதுலேர்ந்து.”

வார்டு என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். உனக்குப் புத்தி பேதலித்துப் போயிற்றா, வாயில் என்ன கொழுக்கட்டையா, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே ரத்தம் எடுத்திருப்போமே என்று கேட்டேன். என்னை வளர்த்தவளை, சாகக் கிடக்கிறவளை, அப்படித் திட்டினேன். அவள் என் கத்தல் ஓயும்வரை காத்திருந்தாள். என் குணம் அவளுக்குத் தெரியும்.

“முடிச்சிட்டியா? கேளு. நல்லதில்லைன்னு எனக்கு மனசுல பட்டுது. பட்டப்பகல்லயே பயமா இருக்கும்டி. தனியா உட்கார்ந்து செத்துச் செத்துப் பிழைச்சேன். இன்னைக்குச் சொல்லிடணும், இன்னைக்குச் சொல்லிடணும்னு நினைச்சுக்கிட்டேதான் தராசுல ஏறுவேன். ஏறினதும் அவர் அந்த நம்பரைப் பார்ப்பார். நீயும்தான் அவர் மூஞ்சியைப் பார்த்தியே. அதைப் பார்த்துட்டு எப்படிடி சொல்றது? அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு விட்டுடுவேன்.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “அவர்கிட்ட சொல்லிடாத. தாங்க மாட்டார்” என்றாள்.

நான் சரியென்று சொல்லவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு. துணியைப் பிழிந்து அடுத்த காலைத் துடைத்தேன்.

அதற்கப்புறம் இரண்டு நாள் நன்றாகவே இருந்தாள். ரத்தத்தில் ஆல்புமின் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். மாமா முதல்முறையாக அந்த எண்ணை இரண்டு தடவை கேட்டு வாங்கி மனதில் போட்டுக்கொண்டார். அன்று மதியம் ஆஸ்பத்திரி சூப்பை ஒரு ஸ்பூன் வாயில் விட்டதும் அக்கா முகத்தைச் சுளித்தாள்.

“உப்பைக் கொட்டி வச்சிருக்கான்” என்றாள்.

மாமா ஸ்பூனைக் கீழே வைத்தார். “உப்பு தெரியுதா? ஏய், உனக்கு உப்பு தெரியுதா?”

“தெரியாம என்ன? கடல் தண்ணி மாதிரி இருக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். நாக்குக்கு உயிர் வந்துவிட்டது. இனிமேல் சாப்பிடுவாள். அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது, சிரிக்கவும் செய்தார். மீதி சூப்பில் பாதியை அவள் குடித்தாள். மறுநாள் விடிந்து வார்டில் டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு மூச்சு இரைத்தது. ஓடி வந்தார்கள், என்னென்னவோ செய்தார்கள். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்குப் பிறகு மாமா பல நாள் கடையைத் திறக்கவில்லை. நான் சமைத்துக் கீழே கொண்டுபோய் வைப்பேன். சாப்பிட்டார் என்று தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். பிறகு ஒருநாள் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நகைத்தராசு, காய்கறித் தராசு எல்லாம் பார்த்தார். ஆள் ஏறி நிற்கிற மெஷின் வந்தால் மட்டும், “அது எனக்கு வராதுங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஊருக்கே தெரியும் அவருக்கு வராதது ஒன்றுமில்லை என்று. யாரும் வற்புறுத்தவில்லை.

போன வாரம் மாடிப்படி ஏறி வந்தார். அக்கா போனபிறகு அவர் மேலே வருவது அதுதான் முதல் தடவை. மெஷினுக்கு எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இளைத்துப் போயிருந்தார். சட்டைக் காலர் கழுத்தில் நிற்காமல் ஆடியது.

“சின்னவளே, ஒண்ணு கேட்கணும். நீ மூஞ்சிக்கு நேரா பேசுறவ. மறைக்காம சொல்லணும்.”

“கேளுங்க மாமா.”

“அவளுக்குத் தன் கால் வீங்கியிருந்தது தெரியுமா? உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?”

வாழ்நாளில் யாருக்காகவும் வார்த்தையை மழுப்பியவள் இல்லை நான். கல்யாண வீட்டில் பெண்ணின் அம்மாவிடமே, உங்கள் பெண்ணுக்கு இந்தத் துணி எடுபடாது என்று சொன்னவள். மிதித்துக்கொண்டிருந்த காலை நிறுத்தவில்லை. மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது.

“தெரியாது மாமா. அவளும் உங்களை மாதிரிதான். தேறிட்டு வர்றோம்னு நினைச்சுக்கிட்டிருந்தா.”

“நிச்சயமா?”

“நிச்சயமா. சதை போடுறேன்னு என்கிட்டயே பெருமை அடிச்சுக்கிட்டா.”

அவர் மூச்சு நீளமாக வெளியே வந்தது. தலையை ஆட்டினார். ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப சரி” என்றார். “அந்தக் கடைசி நாளெல்லாம் பயப்படாமயாவது இருந்திருக்கா.”

நான் தையலிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஆமாம் மாமா” என்றேன்.